வள்ளிக்கண்ணு அறை பல்பு

கானாடுகாத்தானில் அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் கால் வலித்துவிடும். அவ்வளவு பெரிய வீட்டில் விளக்குத் தொல்லை ஒரே ஒரு அறையில்தான். நடு முற்றத்தைச் சுற்றிய வளவின் மேற்குப் பக்கம் சீதாலட்சுமி ஆச்சியும் அவள் மகள் வள்ளிக்கண்ணுவும் இருந்த அறையில் பல்பு தங்காது. மாட்டி இரண்டு வாரம் ஆவதற்குள் 'டப்'பென்று போய்விடும். எதிர்ப்பக்கம் வள்ளிக்கண்ணுவின் பெரியப்பா மனைவி, பெரியாத்தா நாகவல்லியின் அறையிலோ ஒரே பல்பு மாதக்கணக்கில் எரிந்தது.

ஒரே வீடு, ஒரே கரண்டு. ஆனால் கல்யாணமான ஒவ்வொரு மகனும் அங்கே ஒரு தனிப் புள்ளி. தனி அறை, தனி அடுப்பு, தனிச் சாமான். உப்புத் தீர்ந்தால்கூடப் பக்கத்து ஜாடியில் கை வைக்க மாட்டார்கள். பல்பும் அப்படித்தான், அவரவர் பல்பு அவரவர் பாடு.

சீதாலட்சுமியிடம் பல்புக்குப் பஞ்சமில்லை. அவள் கல்யாணத்துக்கு அவளைப் பெற்ற அப்பச்சி கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சீரில் ஒரு மரப்பெட்டி நிறைய பல்பு இருந்தது. சீரைப் பூட்டிவைத்து அழகு பார்க்கிற ஊர் அது. இருபது வருஷத்துக்கும் மேல் பெட்டி பூட்டியே கிடந்தது. அறுபத்திரண்டில் பர்மாவில் வீட்டுக்காரர் தொழில் படுத்து, வருமானம் நின்றபிறகு பெட்டியைத் திறந்தாள்.

"எங்க அப்பச்சி வாங்குனது. வெளிச்சத்தப் பாருங்க, பாலு மாதிரி!" என்று பெரியாத்தாவிடம் பீற்றிக்கொண்டாள். பொய்யில்லை. மற்ற அறைகளைவிட அங்கே வெளிச்சம் கூடுதல்தான்.

அந்தப் பால் வெளிச்சத்தில்தான் வள்ளிக்கண்ணுவின் பெயர் கெட்டது. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். "நம்ம வள்ளி இருக்குற எடத்துல வெளக்கு நிக்காது" என்று பெரியாத்தா சிரிப்பாள். எல்லோரும் சிரித்தார்கள், வள்ளிக்கண்ணுவும் சேர்ந்து சிரித்தாள். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

பிறகு வலையபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை வள்ளிக்கண்ணுவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்த நேரம் பார்த்துப் பல்பு போனது. அத்தை கையை விட்டுவிட்டாள். "நாள் பாத்துச் சொல்லி அனுப்புறோம், வாரோம்" என்று போனவர்கள் இன்றுவரை நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து வர இருந்தவர்கள் வரவே இல்லை. செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

காரைக்குடியிலிருந்து வயர்மேன் மரியப்பன் வந்தார். ஹோல்டரை மாற்றினார், சுவிட்சைத் திறந்து துடைத்தார், பீஸ் கம்பியைப் புதிதாகக் கட்டினார். பல்பு போனது. குன்றக்குடி மலை ஏறி முருகனுக்கு வேண்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கும் போனது.

முதல் வருஷம் வள்ளிக்கண்ணு தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படியோ அப்படித்தான் இருந்தாள். யார் என்ன சொன்னாலும் "சரி" என்பாள். பொழுது சாய்ந்தால் அடுத்தவர் அறைக்குள் கால் வைப்பதில்லை. வீட்டில் விசேஷம் என்றால் பல்பே இல்லாத திறந்த முற்றத்தில் போய் நின்றுகொள்வாள்.

அறுபத்தாறில் பெரியாத்தா மகள் பிரசவத்துக்காக மதுரைக்குப் போனாள். அறையைப் பெருக்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தாள். வள்ளிக்கண்ணு ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த அறைப் பல்பைத் தன் அறையில் மாட்டினாள். தன்னுடையதை அங்கே மாட்டினாள். ஏதோ நம்பிக்கையில் செய்ததாகச் சொல்ல முடியாது. சும்மா செய்தாள். தினமும் இரண்டையும் எரியவிட்டாள். பத்து நாள் சென்று, ஆளே இல்லாத பெரியாத்தா அறையில் பல்பு போனது. அவள் அறையில் எரிந்துகொண்டே இருந்தது.

இரண்டையும் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தாள். பெரியாத்தாவின் கடைப் பல்பில் 230 வோல்ட் என்று போட்டிருந்தது. பெட்டிப் பல்பில் 200. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர்க் கரண்டுக்குச் செய்த பல்பு. இந்த ஊர்க் கரண்டு அதற்கு அதிகம். அந்த வெளிச்சமும் அற்பாயுசும் அதனால்தான்.

சீதாலட்சுமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, கோளாறு எங்கிட்ட இல்ல. பல்புலதான். இந்தா பாரு, இருநூறு போட்ருக்கு."

அவள் நிமிரவில்லை. "தெரியும்" என்றாள். "மரியப்பன் அன்னைக்கே சொல்லிட்டுத்தான் போனாரு."

"மூணு வருசமாச்சே ஆத்தா."

"திடீர்னு கடைப் பல்பு மாட்டுனா ஏன்னு கேப்பாக. அப்பன்காரன் ஆகாத சரக்கச் சீருன்னு தள்ளிவிட்டுட்டான்னு உங்க பெரியாத்தா ஊரெல்லாம் சொல்லுவாக. செத்துப்போன எங்க அப்பச்சிக்கு அந்தப் பேச்சு வேணுமா? நீ வாயத் தொறக்காத. ஒனக்கு ஒரு கல்யாணம் ஆயிட்டா எல்லாம் மறந்துபோகும்."

தன் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் மாரில் அடித்துக்கொண்டு அழுவோம் என்று வள்ளிக்கண்ணு நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. போய்ப் பெரியாத்தாவின் பல்பை அவள் அறையிலேயே மாட்டிவிட்டு வந்தாள். தன் அறையில் பெட்டியிலிருந்து இன்னொரு பல்பை எடுத்து மாட்டினாள்.

பெரியாத்தா ஊர் திரும்பிய வாரம் மேற்குப் பக்கம் இருண்டது.

"யாரு அறையிலடி போச்சு?" என்று பெரியாத்தா வளவின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டாள்.

சீதாலட்சுமி மகளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"எங்க அறையிலதான் பெரியாத்தா" என்றாள் வள்ளிக்கண்ணு. "நான் உள்ள இருந்தேன்ல, அதான்."