பச்சை லைட் சொன்ன பொய்

1. மூன்று பின்

பண்டாரவளையில் லொறி வயரிங் செய்ய ஆரம்பித்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. சில வேலைகளை நினைத்தால் இன்றும் உடம்பு கொதிக்கும். அதில் முதலிடம், பனிமூட்டத்தில் போடும் ஃபொக் லைட்டின் சுவிட்ச் ஒன்றுக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது, அதை ஒளிக்கப்போவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் கொழுந்து லொறி நிஸ்தார் நானாவின் கராஜுக்கு வந்தது. நான் அங்கேதான் வேலை செய்கிறேன். பகலில் கொழுந்து ஏற்றும் அந்த லொறிதான் காலையில் கீழ் டிவிஷன் பெண்களை வேலைக்கு ஏற்றிப்போகும். மறுநாள் தோட்டத்தைப் பரிசோதிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் ஃபொக் லைட் இருக்க வேண்டும் என்று கூட வந்த தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொன்னார். டிரைவர் மரியநாயகம் அண்ணன் வருடக்கணக்காகக் கேட்ட விளக்கு அது. அவர் கேட்டபோது கிடைக்காதது, பரிசோதனை என்றதும் ஒரே நாளில் வந்துவிட்டது.

விளக்கு இரண்டையும் பம்பருக்குக் கீழே பூட்டினேன். டேஷ்போர்டில் சும்மா இருந்த ஒரு மூடியைக் கழற்றி அந்த இடத்தில் சுவிட்சைப் பொருத்தினேன். லொறி இருபத்துநாலு வோல்ட். அதற்கான, சுவிட்சுக்குப் பதில் கரண்டைத் தாங்கும் ரிலே அன்று பண்டாரவளைக் கடைகளில் இல்லை, பதுளையிலிருந்துதான் வர வேண்டும். ரிலே இல்லாமல் விளக்கின் முழுக் கரண்டையும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாக விட்டால் சுவிட்ச் உருகிவிடும். விஷயத்தைச் சொன்னேன்.

"ரிலே பொறகு பாக்கலாம் பாஸ். சுவிட்சுல பச்ச லைட் வந்தாப் போதும். வர்றவங்க பம்பருக்குக் கீழ குனிஞ்சா பாக்கப்போறாங்க?" என்றார் ஐயா.

அந்த மாதிரி சுவிட்சில் மூன்று பின் இருக்கும். கரண்ட் உள்ளே வர ஒன்று, விளக்குக்குப் போக ஒன்று, எர்த் ஒன்று. கரண்டையும் எர்த்தையும் கொடுத்தாலே, சுவிட்சைப் போட்டதும் அதிலுள்ள பச்சை லைட் எரியும். விளக்குக்குப் போக வேண்டிய பின்னில் வயர் கொடுக்காமல் டேப் சுற்றி விட்டேன். இரண்டு நாளில் லொறியை அனுப்புவதாக ஐயா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கெட்ட வழக்கம். தோட்டத்து வண்டி வந்தால் பேச்செல்லாம் கூட வந்த ஐயாவோடுதான். ஓட்டுகிறவர் வெளியே நின்று பிளேன்டீ குடிப்பார். மரியநாயகம் அண்ணன் ஏறி உட்கார்ந்து, சுவிட்சைப் போட்டு, "எரியுதுங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார். பதில் சொன்னது ஐயா.

"பச்ச லைட் எரியுதுல்ல, பொறகென்ன? வண்டிய எடு."

நான் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

2. வளைவு

லொறி திரும்பி வரவில்லை. இரண்டு முறை ஐயாவுக்குப் போன் எடுத்தேன். கொழுந்து கூடின நேரம், லொறியை விட முடியாது என்றார். பரிசோதனைதான் நல்லபடி முடிந்துவிட்டதே, இனி அவருக்கு ரிலே எதற்கு?

மூன்றாவது வாரம் ஒரு காலை, கனத்த பனிமூட்டம். அந்த மாதிரி நேரத்தில் ஹெட்லைட் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் முகத்திலேயே அடிக்கும். அதனால் மரியநாயகம் அண்ணன் அதை அணைத்துவிட்டு ஃபொக் லைட்டைப் போட்டிருக்கிறார். பச்சை எரிந்தது. விடிந்த பிறகு சீட்டிலிருந்து பார்த்தால் பம்பருக்குக் கீழே விளக்கு எரிகிறதா என்று தெரியாது. வளைவில் எதிரே வந்த மரக்கறி லொறிக்காரருக்கு இவர் வருவதே தெரியவில்லை. கடைசி நேரத்தில் இவர் மலைப் பக்கம் ஒடித்து வடிகானுக்குள் இறக்கிவிட்டார். பள்ளத்துப் பக்கம் ஒடித்திருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

பின்னால் நின்ற பெண்களில் புஷ்பம் என்பவருக்கு வலது கை முறிந்தது.

3. விசாரணை

மூட்டத்தில் லைட் போடாமல் ஓட்டினார் என்று டிரைவர் மேல் விசாரணை வைத்தார்கள். போட்டேன் என்று அவர் எத்தனை முறை சொன்னாலும் நம்ப ஆளில்லை. எதிரே வந்தவர் வெளிச்சமே இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணனுக்கு வேலை போகும் நிலைமை. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் கேள்விதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அடிபட்ட லொறியைக் கராஜுக்கு இழுத்து வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். டேஷ்போர்டைக் கழற்றினேன். நான் சுற்றிய டேப் அப்படியே இருந்தது.

சுவிட்சை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னேன். அந்தத் தோட்டத்து வேலை இனி வராது என்பது நிஸ்தார் நானாவுக்குத் தெரியும். ஆனாலும் தன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஆபீஸ் வாசலில் மாவுக்கட்டோடு புஷ்பம் உட்கார்ந்திருந்தார். சாட்சி சொல்ல வரச்சொன்னார்களாம். "ஒத்தக் கையால கொழுந்து எடுத்தா யாருங்க பேர் போடுவா?" என்று கேட்டார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். வெட்கமாக இருந்தது.

உள்ளே மரியநாயகம் அண்ணனும் கிளாக்கர் ஐயாவும் நின்றிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் மேசையில் சுவிட்சை வைத்து டேப் சுற்றிய பின்னைக் காட்டினேன்.

"இதுலருந்து விளக்குக்கு வயரே போகலீங்க. பூட்டுனது நான்தான். இவரு சுவிட்சப் போட்டது உண்ம. ஐயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓட்டுற மனுசன்கிட்டதான் நாங்க சொல்லல."

கிளாக்கர் ஐயா என் மேல் பாய்ந்தார். டிரைவர் என்றால் இறங்கிப் பார்க்க வேண்டாமா என்றார். கராஜில் வண்டியை எடு என்று விரட்டியவர், இப்போது இறங்கிப் பார்க்கவில்லை என்று குற்றம் சொல்கிறார். அதையும் தொரையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

மரியநாயகம் அண்ணனுக்கு வேலை தப்பியது. புஷ்பத்தின் கை கூடியது, ஆனால் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவரைப் போட்டார்கள். கிளாக்கர் ஐயா வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயும் அவர் ஐயாதான்.

4. சாவியை யாரிடம் கொடுப்பது

பதுளையிலிருந்து ரிலே எடுப்பித்து, தடித்த வயர் இழுத்து, பியூஸ் போட்டு வேலையை முடித்தேன். சுவிட்சையும் மாற்றி, அதன் பச்சை லைட்டுக்கு வயரை ரிலேக்கு அப்பால், விளக்குக்குப் போகும் வயரிலிருந்தே எடுத்தேன். இப்போது விளக்குக்குக் கரண்ட் போனால்தான் பச்சை வரும். அப்படியும் பல்ப் போயிருந்தால் அது காட்டிக்கொடுக்காது. ஆகவே, வேலை முடிந்ததும் சாவியை ஐயாவிடம் கொடுக்காதீர்கள். ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு வண்டிக்கு முன்னால் நிறுத்துங்கள். எரிவதைக் காட்டுங்கள், எரியாததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மரியநாயகம் அண்ணனிடம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, இரண்டு விளக்கின் கண்ணாடியிலும் உள்ளங்கையை வைத்து, சூடு ஏறும்வரை காத்திருந்தார். இன்றும் மூட்டத்தில் லொறியை எடுக்கும் முன் அப்படித்தான் செய்கிறார். நான் பக்கத்தில் நின்றாலும் செய்கிறார்.