என்னவரின் முகம் போட்ட காசு

போன வருடம், மாரி மழை தொடங்குவதற்கு முந்திய ஒரு மத்தியானம். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுப் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோபமாக வந்திருக்கிறார் என்பது நடையிலேயே தெரிந்தது. போனை என் முன்னால் நீட்டி, இந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார்.

போனில் சிரித்துக்கொண்டிருந்தவர் என் கணவர்.

எனக்குத் தெரிந்த படம்தான். விடியலில் இருந்து தூண்டில் போட்டு, கடைசியில் விரலளவு செப்பலி மீன் குஞ்சு ஒன்றைப் பிடித்தவர், அதைச் சுறா போல இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணை மூடிச் சிரிக்கிறார். என் தங்கையின் மகள் எடுத்து முகநூலில் போட்டது. யார் யாரோ அதில் 'சம்பளம் வந்த நாள்' என்றெல்லாம் எழுதி மீம்ஸ் ஆக்கினார்கள். அவருக்கு அதில் பெரிய சந்தோசம்.

"அவர் மோசம் போயிட்டார், தம்பி. எட்டு மாசமாகுது" என்று உள்ளே மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினேன்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்த பிறகுதான் விசயத்தைச் சொன்னார். ஊர் கதிரவெளி. என் கணவரின் முகத்தைப் போட்டு யாரோ இணையத்தில் ஒரு கொயின் தொடங்கியிருக்கிறார்கள். கையில் பிடிக்க முடியாத காசு. படத்தைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டம் கூடக் கூட அதன் விலையும் கூடுமாம். மீன் பிடித்தவரே எங்களோடு சேர்ந்துவிட்டார், வாவிக்கரையில்தான் இருக்கிறார் என்று அந்தக் கொயின்காரர்களின் முகநூல் குழுவில் எழுதியிருந்ததை நம்பி, இவர் மனைவியின் காப்பை விற்று வாங்கியிருக்கிறார். ஒரே இரவில் விலை விழுந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

எனக்கு நெஞ்சு எரிந்தது. செத்த மனிதரின் முகத்தை வைத்தா வியாபாரம்? குழுவைக் காட்டச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கித் திறந்தார். ஒரு படத்தில் என் கணவர் ரொக்கெட்டில் போகிறார். இன்னொன்றில் ராசா போல முடி சூடியிருக்கிறார். ஒன்றில் விண்வெளி உடுப்போடு நிலாவில் நிற்கிறார், கையில் அதே செப்பலிக் குஞ்சு. கடல் கொஞ்சம் கொந்தளித்தாலே தோணியில் ஏறப் பயந்த மனிதர் அவர். என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தபடியே அழுதேன். வந்தவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும், மீன் பிடித்தவர் உயிரோடு இல்லை, யாரும் ஏமாறாதீர்கள் என்று குழுவில் எழுதட்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன். எழுதிய கையோடு அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

புறப்படும்போது என் போன் நம்பரைக் கொடுத்துச் சொன்னேன்: "போனதும் மனிசிக்கிட்ட சொல்லுங்க. ஏசுவா, அழுவா. ஆனா நீங்க இரிக்கிறீங்கதானே, அது போதும் அவவுக்கு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்துப் பேசினார். "அக்கா, எல்லாம் சொல்லிட்டார். நல்லாத்தான் ஏசினன். ஆனா ரெண்டு கிழமைக்குப் பிறகு இப்பதான் மனிசன் ஒழுங்கா நித்திர கொள்றார்" என்றார். அந்த நிலாப் படத்தை எனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

அந்தக் காசு இப்போது எந்தச் சந்தையிலும் இல்லையாம். படம் மட்டும் இன்னும் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைக்கும்போது, என்னவர் என்னோடு மட்டும் முடிந்துபோகவில்லை என்று மனசு ஆறுகிறது.