வடிகூடையில் வளர்ந்த பைன்

சட்டியில் குட்டை மரம், அதாவது போன்சாய், வளர்க்கிற கினாஷி ஊரில் மசாகிச்சி என்றால் பைன் மரம், பைன் மரம் என்றால் மசாகிச்சி. ஊர்ப்பேச்சு அப்படி. ஆனால் அவர் வயலில் களை பிடுங்குவதும், கோடையில் தளிர் கிள்ளுவதும், குளிரில் விரல் விறைக்க விறைக்கப் பழைய ஊசியிலைகளைப் பறிப்பதும் சுமியே என்ற அவர் மனைவிதான். மரம் வாங்க வரும் வியாபாரிகளுக்கு அவள் வெறும் 'வீட்டம்மா'. தேநீர் கொண்டுவந்து வைக்கிற ஆள், அவ்வளவுதான்.

புயல் அடித்த ஒரு வருஷம் வயல் ஓரத்தில் ஒரு கன்று சாய்ந்து வளைந்துபோனது. மசாகிச்சி அதைப் பிடுங்கி எரிக்கிற குவியலில் எறிந்தார். சுமியே அதை எடுத்து வந்து சட்டி கேட்டாள்.

"கோணல் கன்னுக்குச் சட்டி ஒரு கேடா?" என்றார்.

அவள் சமையலறையில் உடோன் நூடுல்ஸ் வடிக்கிற கூடையை எடுத்தாள். ஓரம் விரிசல் விட்ட பழைய பிளாஸ்டிக் கூடை.

"வடிகூடையில மரமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சும்மாதானே இருக்காங்க."

கூடையின் துளைகள் வழியே காற்று புகுந்தது. வேர் சட்டியில் சுற்றுவதுபோலச் சுற்றாமல், ஓரத்தில் காற்றுப் பட்டதும் நின்று, உள்ளே புதிதாகக் கிளைத்தது. சில வசந்தங்களுக்கு ஒருமுறை அவள் வேரைக் குச்சியால் சீவி, வெட்டி, இன்னொரு கூடைக்கு மாற்றினாள். செம்புக் கம்பி சுற்றிக் கிளைகளைத் தாழ்த்தினாள். கம்பி பட்டையைக் கடிக்கும் முன் அதை அறுத்தெடுத்தாள். புயல் கொடுத்த வளைவை மட்டும் நிமிர்த்தவே இல்லை. மகள் பிறந்து, படித்து, ஒசாகாவுக்குக் கல்யாணமாகிப் போனாள். மரத்தின் பட்டை ஆமை ஓடாக வெடித்தது.

அப்போதுதான் மசாகிச்சிக்குக் கண் திறந்தது. மரத்தை நட எங்கிருந்தோ ஒரு பழைய செம்மண் சாடி வாங்கிவந்து வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வியாபாரி ஓனிஷி வர்றாரு. மரத்தை அவருக்குத் தர்றதா சொல்லிட்டேன்."

"எந்த மரத்தை?"

"நம்ம மரத்தைத்தான்."

"இத்தனை வருஷம் கோணல் கன்னு. இப்ப நம்ம மரமா?"

"என் வயல்ல முளைச்சதுடி."

"உங்க குப்பையில கிடந்தது."

கீழ்க்கிளை இன்னும் தழைத்து நிறையவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். உண்மைதான். நிறைந்திருந்தாலும் அவள் கொடுத்திருக்கமாட்டாள், அதுவும் உண்மை.

ஞாயிறு காலை மசாகிச்சி ஓனிஷியை அழைத்துவர ரயிலடிக்குப் போனார். சுமியே பழைய கூடையிலிருந்து மரத்தைக் கழற்றினாள். வேரை வெட்டினாள். சமையலுக்கு வைத்திருந்த புதிய பெரிய வடிகூடையில் அதை நட்டு, கம்பியால் கட்டினாள். கார் வந்து நின்றபோது, வெட்டிய வேர்கள் பக்கத்தில் கிடக்க, குச்சியால் வேர்களுக்கிடையே மண்ணைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?" மசாகிச்சி சாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எடு அதை. இதுல மாத்தறேன்."

ஓனிஷி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க. ஒரே வசந்தத்துல ரெண்டு தடவை வேரை வெட்டினா செத்துடும். லாரியில ஏத்தினாலும் தாங்காது." கினாஷியில் இது தெரியாதவர் கிடையாது. கோபத்தில் மசாகிச்சிக்கு மறந்துவிட்டது.

ஓனிஷி குந்தி உட்கார்ந்து மரத்தை வெகுநேரம் பார்த்தார். "கீழ்க்கிளை எப்ப நிறையும்?"

மசாகிச்சி சாடியைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

ஓனிஷி அவள் பக்கம் திரும்பினார். "வீட்டம்மா... உங்க பேரு?"

"சுமியே."

"சுமியே அம்மா, இந்த மரம் எப்ப கிடைக்கும்?"

"கிடைக்காது."

அவர் தலை குனிந்து வணங்கினார். "பார்க்கவாவது வரலாமா?"

"வாங்க. தேநீர் அவரு போடுவாரு."

மதியம் விருந்தாளிக்குச் சாப்பாடு போடவேண்டுமே. அடுப்பில் உடோன் கொதித்தது. மசாகிச்சி அலமாரி எல்லாம் உருட்டினார்.

"வடிகூடை எங்கே?"

"அதுல என் மரம் இருக்கு."

"அப்ப எதுல வடிக்கிறது?"

சுமியே கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். "உங்க சாடியில வடிங்க. அதுலயும் ஓட்டை இருக்கே."