தேர் உயரத்து மாடி

உலகம்மாள் அக்கா தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் ஆட்டோ ஓட்டுகிறாள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடில்லை என்று ரத வீதிகளில் எல்லோரும் கைவிரித்த பிறகு, நான் குடியிருக்கும் வீட்டின் மாடியைக் கேட்டு வந்தாள். ஒரு படுக்கையறை, சமையலறை, தேர் போகும் தெருவைப் பார்த்த பால்கனி.

வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி தாடையைச் சொறிந்தார். "விடலாம். ஆனா தேரோட்டத்தன்னைக்கு எங்க சொந்தக்காரங்க பூரா மாடியில வந்து நிப்பாங்க. முன்னால இருந்தவன் இதுக்குப் பயந்துதான் காலி பண்ணிட்டான்."

"வரட்டும் அண்ணாச்சி. எனக்கும் சொந்தக்காரங்க வேணும்லா?"

அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

தேரன்று பால்கனியில் எள் போட்டால் எள் விழாது. எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அக்கா சமையலறை வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். வழிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சிதான் மருமகனை அதட்டினார்.

"ஏலே இசக்கிதுரை, தள்ளு. வாடகை குடுக்கிறவ பின்னால நிக்கா, ஓசியில வந்த நீ முன்னால நிக்கே!"

அக்கா முன்னால் போய்க் கம்பியைப் பிடித்தாள். கீழே நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய தேர், ஆடி அசைந்து எங்களுக்கு நேராக வந்தது. அதில் தொங்கிய துணித் தொம்பை ஒன்று அவள் விரல்களை உரசிக்கொண்டு போனது. மாலைகளுக்குள்ளிருந்து சாமி நேராகப் பார்த்தார். அத்தனை கொட்டுச் சத்தமும் எனக்குக் கேட்காமல் போயிற்று.

அக்கா கும்பிட மறந்து நின்றாள்.

"அண்ணாச்சி, சாமி என் வீட்டு உயரத்துக்கு வந்துட்டாரு."