பல்லில்லாத காலத்தில் ஒரு தொடையெலும்பு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. என் பேச்சைக் குளிப்பாட்டித் தலை இழுத்துத்தான் கடதாசியில் விடுகிறாள். விடட்டும்.

போன கோடையில் என் வாயில் மிஞ்சியிருந்த பற்களையெல்லாம் டொக்டர் பிடுங்கிவிட்டார். பல் பிடுங்கிய முரசுச் சதை ஆறினால்தான் புதுப்பல் கட்டலாம் என்றார். அதுவரை மகள் எனக்குக் குழையல் சோறும் சூப்பும் தந்தாள். சுவிசில், லாங்கன்தாலில், எங்கள் வீட்டுக் குசினி சின்னது. அதில் இறைச்சிக்கறி கொதித்தால் வாசம் கட்டிலடிக்கே வரும். நான் கட்டிலில் இருந்து ஜன்னலுக்கும், ஜன்னலில் இருந்து குசினிக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

"அம்மா, ஒரு இடத்திலை இருங்கோவன். தலை சுத்துது" என்பாள் மகள்.

இருக்க முடிந்தால் இருக்க மாட்டேனா? திங்கட்கிழமை எங்கள் கோயிலில் கொடியேற்றம். கொடியேறினால் தேரும் தீர்த்தமும் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது. அதற்கு முன் ஒரு வாய், ஒரே ஒரு வாய், இறைச்சி ருசி பார்த்துவிட வேண்டும். அதுதான் என் அந்தரம். பொறுத்துக்கொள் என்று பல் உள்ளவர்கள் சொல்வது லேசு.

பேத்தி பேர்ணில் படிக்கிறாள். ஆதிகாலத்து மனிதரைப் பற்றிய படிப்பு. அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று மருமகன் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டார். சனிக்கிழமைகளில் ஒரு மியூசியத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எல்லாம் காட்டி விளங்கப்படுத்துவாள். அந்தச் சனி என்னையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நடந்தது காணும், அங்கே வந்து நடவுங்கோ என்றாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த எலும்புகள். எங்கள் வீட்டுக் குப்பை வாளியைக் கவிழ்த்துவிட்டதுபோல் இருந்தது.

"இதை ஏன் பிள்ளை பூட்டி வைச்சிருக்கினம்?"

"கல்லாலை உடைச்ச அடையாளம் தெரியுது அம்மம்மா. உடைச்சு, உள்ளுக்கிருக்கிற கொழுப்பைத் தின்டிருக்கினம்."

"வேட்டையாடியோ?"

"பிறகு ஈட்டியோடை போய்க் குதிரை, மான் எல்லாம் அடிச்சவை. ஆகத் தொடக்கத்திலை, சிங்கம் தின்டு, கழுதைப்புலி தின்டு, மிஞ்சின எலும்பைத்தான் இவை எடுத்தவை எண்டு சில ஆக்கள் சொல்லினம். எல்லாரும் ஒத்துக்கொள்ளேல்லை."

"பாவங்கள். கடைசிப் பந்தி."

பக்கத்துப் பெட்டியில் ஒரு மண்டையோடு இருந்தது. தாடையில் பின்பற்கள் ஒன்றும் இல்லை. பல் இருந்த குழிகளும் தூர்ந்துபோய்க் கிடந்தன. பல் போன பிறகும் கனகாலம் சீவித்த ஆளாம். நான் கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். அந்த முகம் எனக்கு வேண்டப்பட்ட முகம்போல இருந்தது.

"இந்த மனுசன் என்னத்தைத் தின்டது?"

"ஆரும் இறைச்சியை இடிச்சுக் குடுத்திருப்பினம். இல்லாட்டி எலும்புக் கொழுப்பு. அதுக்குப் பல்லுத் தேவையில்லைத்தானே."

இவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ரயிலில் வரும்போது நான் சிரித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்து முன்னால் இருந்த பெட்டையும் சிரித்தாள்.

ஏனென்றால் மருமகன் ஆடு வளர்க்கிற ஒரு கமக்காரனிடம் முழு ஆட்டுக்கால் வாங்கி வைத்திருந்தார். கடையில் வாங்குவது மெஷினில் வெட்டிய துண்டுகள். இது தொடையோடு முழுக்கால். ஞாயிறு காலை மகள் இறைச்சியை வழித்துக் கறிக்கு எடுத்தாள். தொடையெலும்பை வெட்ட அவளிடம் கத்தி இல்லை. முழு எலும்பாகவே என் சூப்புக்குள் போடப் பார்த்தாள். முழுதாகப் போட்டால் கொழுப்பு உள்ளே பூட்டிக்கொண்டுதானே கிடக்கும்? அவள் குளிக்கப் போன நேரம் எலும்பை எடுத்து, குசினி நிலத்தில் துவாய் விரித்து, உள்ளி இடிக்கிற குட்டி உலக்கையால் ஓங்கிப் போட்டேன்.

எலும்பு அசையவில்லை. வீடுதான் அதிர்ந்தது. மூன்றாம் அடியோடு பெல் அடித்தது.

கீழ்வீட்டுக் கிழவர். நல்ல மனிதர், நத்தார்ப் பண்டிகைக்குப் பிஸ்கட் தருபவர். பேத்தி அவரோடு கதைத்துவிட்டு வந்தாள்.

"இண்டைக்கு ஞாயிறாம் அம்மம்மா. அடிக்கிற வேலை கூடாதாம். நாளைக்கு எவ்வளவும் அடிக்கட்டாம்."

"நாளைக்குக் கொடியெல்லோ."

மகள் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். "அம்மா, இந்த வீடு எடுக்க நாங்கள் எத்தினை இடம் அலைஞ்சனாங்கள்? ஒரு எலும்பாலை எழும்பிப் போகப்போறமோ?"

நான் எலும்பைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பேத்தி என்னைப் பார்த்தாள், எலும்பைப் பார்த்தாள்.

"காட்டுக்குப் போவம். அங்கை அடிச்சால் ஆர் கேக்கிறது?"

காட்டோரம், ஆற்றங்கரையில், எல்லோரும் நெருப்பு மூட்டிச் சுட்டுத் தின்ன ஒரு இடம் இருக்கிறது. பஸ்ஸில் போனோம். என் மடியில் எலும்பு, பக்கத்தில் இருந்த மனிசிக்கு அது தெரியாது. அங்கே ஒரு சுவிஸ் குடும்பம் கட்டைச் சொசேஜின் இரண்டு நுனியையும் கீறி நெருப்பில் பிடித்துக்கொண்டிருந்தது. நுனி விரிந்து நண்டுக்கால்போல வரும். நான் பார்ப்பதைக் கண்டு எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வாயைத் திறந்து முரசைக் காட்டினேன். அந்த வீட்டுக்காரி தனக்கே பல் நொந்ததுபோலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நெருப்பில் எங்களுக்கும் ஒரு மூலை விட்டாள்.

எலும்பைத் தணலில் கொஞ்சம் வாட்டினோம். பேத்தி ஆற்றில் இருந்து ஒரு கல் கொண்டுவந்து அடித்தாள். எலும்பு வழுக்கிச் சாம்பலுக்குள் விழுந்தது. கழுவி வந்து திரும்ப அடித்தாள். இந்த முறை தன் விரலில் அடித்தாள்.

"இவ்வளவு படிச்சும்" என்றேன்.

"படத்திலைதானே அம்மம்மா பாத்தது."

அதற்குள் அந்தக் குடும்பத்தின் நாய் எழும்பி வந்துவிட்டது. கன்றுக்குட்டி அளவு. எலும்புக்கு நேரே குந்திக்கொண்டு என் கையையே பார்த்தது. எனக்குச் சிங்கமும் கழுதைப்புலியும் ஞாபகம் வந்தன.

"கெதியா அடி பிள்ளை. இவன் முந்தப்போறான்."

பேத்தி ஒரு பெரிய கல்லில் எலும்பைக் கிடத்தினாள். நான் இரண்டு நுனியையும் துவாயால் அமத்திப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள் ஒரு போடு. தடி முறிவதுபோல ஒரு சத்தம். நீளத்துக்குப் பிளந்து, உள்ளே ரோசா நிறத்தில், சுட்டது பாதி சுடாதது பாதியாக, கொழுப்பு பளபளத்தது. பேத்தி ஒரு சுள்ளியால் வழித்து, பையில் கொண்டுவந்த உப்பில் தொட்டு என் நாக்கில் வைத்தாள். ஆட்டு வாசம், புகை வாசம். மெல்ல ஒன்றும் இல்லை, தானாகவே போனது.

நாய் முனகியது. வெறும் எலும்பைத் தூக்கி அதற்கு நீட்டினேன். வீட்டுக்காரி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"குடுக்க வேண்டாமாம். வயித்துக்குக் கூடாதாம். அவனுக்குத் தனிச் சாப்பாடாம்" என்றாள் பேத்தி.

"பாவம்" என்று அதன் தலையைத் தடவினேன். "உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்போல."