பிள்ளைக்காம்பராவிலிருந்து மூன்று குண்டுகள்

கித்துல்மலைத் தேயிலைத் தோட்டத்து ஒப்பீசில் 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கொம்பியூட்டர் வந்து இறங்கியபோது, அதைத் தொடத் தெரிந்த ஆள் தோட்டம் முழுவதிலும் ஒருத்திதான் இருந்தாள். பெயர் விஜயகலா. வீடு, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா. ஓய்வுபெற்ற கங்காணி இருளப்பனின் இளைய மகள். வயது இருபத்தொன்று. இரத்தினபுரியில் ஆறு மாதம் கொம்பியூட்டர் படித்து, கொடகவெலயில் கடை கடையாக வேலை கேட்டு அலுத்து, வீட்டோடு இருந்தவளைப் பெரிய கிளாக்கர் ஸம்சுதீன் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

வேலை கிடைத்தது. ஆனால் ஒப்பீசுக்குப் புதிதாக ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து அனுமதி வரவில்லை. அதனால் அவளைக் கொழுந்து பறிக்கும் ஆளாகச் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பதிந்துகொண்டு, ஒப்பீஸ் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்தச் செக்ரோலை அடிப்பதும் அவள் வேலைதான். நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் முந்நூற்று ஆறாவது பெயர் அவளுடையது. ஒவ்வொரு மாதமும் பிழையில்லாமல் அடித்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கடிதம். ஒப்பீஸ் உத்தியோகத்தர் என்ற நியமனக் கடிதம். அது இல்லாதவரை, ஒரு காலைப்பொழுதில் ஒரு வார்த்தை சொல்லி அவளைக் கூடையோடு மலைக்கு அனுப்பிவிடலாம். அதற்கு யாரும் காரணம் சொல்லவேண்டியதுமில்லை.

2001 ஏப்ரலில் எக்கநாயக்க என்பவர் சின்னத்துரையாக, அதாவது உதவி மேனேஜராக, வந்தார். வயது இருபத்தாறு. நல்ல சுபாவம், தொழிலாளரோடு தமிழிலேயே பேசுவார். அவர் வரும்போது ஒரு விளையாட்டுத் தட்டையும் கொண்டுவந்து ஒப்பீஸ் கொம்பியூட்டரில் ஏற்றினார். திரையில் ஒரு தேசப்படம். ஆளுக்கொரு நாடு. ஊர் கட்டவேண்டும், ரோடு போடவேண்டும், கல்வி வளர்க்கவேண்டும், படை திரட்டவேண்டும். ஒருவர் ஆடி முடித்த பிறகுதான் மற்றவர் ஆடலாம். ஒப்பீசில் அதற்கு மேப் என்று பேர் விழுந்துவிட்டது. கொம்பியூட்டர் தானாக நடத்தும் நாடுகளோடு ஆடிச் சலித்துப்போன துரை, எதிரே உட்கார ஓர் ஆள் தேடினார். முதலில் பெரிய கிளாக்கரைக் கேட்டார்.

"சேர், முப்பத்தொரு வருசமா இந்த ஒரு தோட்டத்தையே கட்டி மேய்க்க ஏலாமக் கிடக்கு," என்றார் ஸம்சுதீன். "இதில எனக்கு நாடு வேறயா?"

பிறகு விஜயகலாவைக் கூப்பிட்டார். திரை ஒன்றுதான் இருந்தது. ஆகவே துரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது. அவளுடைய அப்பா முப்பத்தெட்டு வருடத்தில் எந்தத் துரைக்கு முன்னாலும் உட்கார்ந்தவரல்ல. அவள் மதியம் 12.30 முதல் 1.15 வரை துரையின் முழங்கைக்கு அருகில் உட்கார்ந்தாள்.

விளையாட்டு அவளுக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டது. காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்து எந்த மலைக்கு எத்தனை பேர் என்று அனுப்புவதைச் சிறுவயது முதல் பார்த்தவள் அவள். மேப்பிலும் அப்படியே செய்தாள். அவளுடைய வேலையாட்களில் ஒருவன்கூட ஒருமுறைகூடச் சும்மா நின்றதில்லை. துரைக்குப் படையில்தான் கண். அவருடைய வேலையாட்கள் பாதிப்பேர் வெட்டவெளியில் நின்றுகொண்டே இருப்பார்கள்.

ஒருவர் ஆடும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது என்பது விதி. துரை ஆடும்போது அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பாள். அவள் ஆடும்போது துரை திரும்புவதில்லை. பனிஸைக் கடித்தபடி பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்ப்பார். அவளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

பதினான்கு மாதத்தில் ஆறு ஆட்டம் முடிந்தது. ஆறிலும் துரையே ஜெயித்தார். அதில் நாலு அவள் விட்டுக்கொடுத்தது.

"இன்னைக்கு என்னா ஆச்சு?" என்று இருளப்பன் கேட்பார்.

"தோத்துட்டேன்."

"தோக்கிறதுக்கு என்னா, நல்லாத்தான் தோக்கிற," என்பார். "கடுதாசி வர்ற வரைக்கும் அப்பிடியே இரு, தாயி."

ஏழாவது ஆட்டம் 2002 ஜூலை 1, திங்கட்கிழமை தொடங்கியது. துரை தன் நகரங்களுக்குக் கண்டி, காலி, மாத்தறை என்று பெயர் வைத்தார். அவள் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு, ஸ்டோர், ஆஸ்பத்திரி என்று வைத்தாள். தேசப்படத்தின் கிழக்கு ஓரத்தில், கடலோரமாக ஒரு குட்டி ஊர். அதற்கு, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தின் பெயரைக் கொடுத்தாள்: பிள்ளைக்காம்பரா. இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்ததால் துரைக்கு வாசிக்க முடியாமலில்லை. வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, புதன்கிழமை, துரை மேல்கணக்கின்மேல் அணுகுண்டு போட்டார். முந்தைய ஆட்டங்களில் அந்த அளவுக்கு யாரும் போனதில்லை. திரை வெளுத்து, காளான்போல் ஒரு புகை எழுந்து அடங்கியது. பதினான்கு என்றிருந்த ஊரின் குடித்தொகை ஏழானது. உள்ளே இருந்த படை முழுவதும் போயிற்று. சுற்றிலும் ஒன்பது கட்டங்கள் நஞ்சேறிச் சிவந்து கிடந்தன.

"பயந்துட்டியா?" துரை சிரித்தார். "விளையாட்டுதானே. நாளைக்குப் பெரட்டில ஆள் போட்டு கூட்டி அள்ளு. உங்க ஆளுங்களுக்கு அது நல்லா வரும்."

"சரி, சேர்," என்றாள்.

ஆறு கூட்டம் ஆட்களை அனுப்பினாள். ஒன்பது கட்டத்தையும் துப்புரவாக்கப் பதினொரு முறை பிடித்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னச் சின்ன உருவங்கள் குனிந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவற்றுக்குப் பெயர் இல்லை. எத்தனை என்று மட்டும் ஓரத்தில் ஓர் எண் இருந்தது.

அந்தப் பதினொரு முறைக்குள் குண்டு செய்யும் வித்தையை அவளுடைய நாடும் கற்று முடித்தது. பெரிய ஊர்களில் செய்தால் பின்னால் நிற்பவர் கண்ணில் படும். துரை எல்லையைப் பார்ப்பார், படையைப் பார்ப்பார். கடலோரத்துக் குட்டி ஊரைப் பார்த்ததே இல்லை. பிள்ளைக்காம்பராவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்து வைத்தாள்.

செப்டெம்பர் 12, வியாழக்கிழமை, ஸம்சுதீன் ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். விஜயகலாவை ஒப்பீஸ் உத்தியோகத்தராக நியமிக்கலாம் என்ற சிபாரிசு. சின்னத்துரை கையெழுத்து வைத்து, மாதம் 30ஆம் திகதிக்குள் கொழும்புக்குப் போய்ச் சேரவேண்டும். கடிதம் துரையின் மேசைத் தட்டில் வைக்கப்பட்டது.

17ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை துரையே சொன்னார்: "கலா, உன்ட கடிதம் இருக்கு. நாளைக்கு சைன் பண்ணிடுறேன்."

மதியம் 12.40. துரை ஆடி முடித்தார். தன் மூன்று பெரிய நகரங்களிலும் படையைக் குவித்துவைத்து, "அடுத்த முறை கீழ்க்கணக்கு என்ட," என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அது அவளுக்குத் தெரியாமலில்லை. பொறுத்தால் கீழ்க்கணக்கு போய்விடும். ஏழாவது ஆட்டமும் போய்விடும். ஆறு ஆட்டம் போகும்போது வலிக்காதது அன்று வலித்தது. இரண்டு நாற்காலியும் ஒரே உயரம்தானே என்று ஓர் எண்ணம் எப்படியோ அவளுக்குள் புகுந்திருந்தது. 'விளையாட்டுதானே' என்று துரை சொன்னதை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

முதல் குண்டு கண்டியில் விழுந்தது. பதினெட்டு ஒன்பதானது.

"கண்டி போச்சு," என்றார் துரை, பனிஸை மெல்வதை நிறுத்தி.

இரண்டாவது.

"காலியும் போச்சு."

அடுத்த மேசையிலிருந்த ஸம்சுதீன் எழுந்துபோய் ஒப்பீஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம்தான். என்றாலும் ஒரு தமிழ்ப் பிள்ளை குண்டு போட்ட அந்தச் சிங்கள ஊர்களின் பெயர்கள் வெளியே கேட்கவேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாவது மாத்தறையில். துரையின் படை என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. மற்ற நாடுகள் எல்லாம் குண்டு போட்டவள்மேல் போர் அறிவித்துச் செய்திமேல் செய்தி அனுப்பின. அவள் ஒவ்வொன்றாக மூடினாள். அப்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிற்காலத்தில் நினைத்துப் பார்க்கும்போது அதைத்தான் அவளால் மறுக்க முடியவில்லை.

"எங்க வச்சிருந்தே?" என்று துரை கேட்டார்.

"பிள்ளைக்காம்பராவில, சேர்."

"அது எங்க?"

அவள் திரையில் தொட்டுக் காட்டினாள்.

"நான் பின்னாலதானே நின்னேன். பாக்கலியே."

"நீங்க அந்தப் பக்கம் பாக்கிறதில்லையே, சேர்."

துரை அவளைப் பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. "ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு ஐந்தாம் நம்பர் மலைக்குப் போய்விட்டார். மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை.

"மகள்," என்றார் ஸம்சுதீன், "குண்டு போட்டதுகூடப் பரவாயில்ல. அந்தக் கடைசிச் சொல்லை முழுங்கியிருக்கலாம்."

மறுநாள் தட்டிலிருந்த பன்னிரண்டு கடிதங்களில் பதினொன்றுக்குக் கையெழுத்து விழுந்தது. அதற்கு அடுத்த நாள் ஏழில் ஆறு. பக்கத்து நாற்காலி சுவரோரம் போனது. அதன்மேல் உரச் சாம்பிள் பைகளை அடுக்கினார்கள். 27ஆம் திகதி அவள் போய்க் கேட்டாள். துரை தலையை நிமிர்த்தி, வழக்கமான நல்ல குரலில், "இந்த முறை கஷ்டம், கலா. மார்ச் மாதம் பார்ப்போம்," என்றார். 30ஆம் திகதி திங்கட்கிழமை வந்து போயிற்று. வீட்டில் இருளப்பன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அவளை மலைக்கு அனுப்பவுமில்லை, மேப்புக்குக் கூப்பிடவுமில்லை. ஒவ்வொரு காலையும் ஒப்பீஸ் படியேறும்போது, இன்றைக்கா என்று எண்ணிக்கொண்டு ஏறினாள்.

2003 ஜனவரி 20, திங்கட்கிழமை மதியம், துரை உரச் சாம்பிள் பைகளைத் தாமே எடுத்துக் கீழே வைத்தார். "வா, புது ஆட்டம்," என்றார்.

அவள் உட்கார்ந்தாள். ஏன் கூப்பிடுகிறார் என்பது இருவருக்கும் தெரியும்.

தோற்பதும் ஒரு வேலை. சட்டென்று தோற்றால் விட்டுக்கொடுத்தது தெரிந்துவிடும். எதிர்த்து நிற்கவும் வேண்டும், சரியான இடத்தில் சறுக்கவும் வேண்டும். ஏழு வாரம் அதைச் செய்தாள். இந்த முறை ஊர்களுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. விளையாட்டு கொடுத்த பெயர்களையே விட்டுவிட்டாள். துரை இப்போது ஓரத்து ஊர்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னார். திறந்து காட்டினாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. மார்ச் மாத முதல் வாரத்தில் அவர் ஐந்து குண்டு போட்டார். ஐந்துக்கும் அவள் ஆட்களை அனுப்பிக் கூட்டி அள்ளினாள். மார்ச் 7ஆம் திகதி ஆட்டம் முடிந்தது.

"நல்லா ஆடினே," என்றார் துரை. "ஆனா அவசரப்படுறே."

"ஆமா, சேர்."

மார்ச் 10ஆம் திகதி கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. ஏப்ரல் 1, செவ்வாய்க்கிழமை முதல் அவள் தோட்ட ஒப்பீஸ் உத்தியோகத்தர். செக்ரோலில் முந்நூற்று ஆறாவது பெயரை அழித்து, கீழே இருந்தவர்களை ஒவ்வொரு எண்ணாக மேலே ஏற்றியதும் அவள்தான். லயத்தில் இருளப்பன் வீடு வீடாகப் போய்க் கற்கண்டு கொடுத்தார். மகள் திறமையால் கிடைத்தது என்று எல்லாரிடமும் சொன்னார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

அடுத்த வருடம் எக்கநாயக்க மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதிலாக வந்த சின்னத்துரை, கொம்பியூட்டரில் கிடந்த விளையாட்டைக் கண்டுபிடித்துத் திறந்தார்.

"மிஸ், இது ரெண்டு பேர் ஆடலாம் போல. உங்களுக்குத் தெரியுமா?"

விஜயகலா செக்ரோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாது, சேர்," என்றாள்.