அப்பா கூலிங் கிளாஸ் போட்ட நாள்

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்தே பிழைக்கிற வேலை இது. புடவையை விரித்துப் போட்டதும் வாங்க வந்தவரின் வாய் "சுமாராதான் இருக்கு" என்று சொல்லும். ஆனால் புருவம் லேசாக ஏறி இறங்கும். அந்தப் புடவையை மடிக்காமல் ஓரமாக வைத்துவிடுவேன். முக்கால்வாசி நேரம் கடைசியில் அதைத்தான் எடுப்பார்கள். இத்தனை வருடத்தில் முகங்கள் எனக்குப் பழகிவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா இறந்த மறுநாள் அந்த நினைப்பு போய்விட்டது.

எங்கள் சொந்த ஊர் கச்சிராயபாளையம். அப்பாவுக்கு அணைத் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நிலம் இருந்தது. வருடா வருடம் கரும்புதான். ஒரு நாள் காலையில் தண்ணீர் கட்டப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

என் தம்பி குவைத்தில் லாரி ஓட்டுகிறான். அவன் முதலாளி வெளியூர் போயிருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் கிளம்ப முடியாது. "எனக்காக வச்சிக்கினு இருக்காதீங்கக்கா. எடுத்துடுங்க. நான் போன்லயே பாத்துக்கறேன்" என்று அவனே சொன்னான். சொல்லும்போது அவன் குரல் யாருடைய குரலோ போல இருந்தது. மறுநாள் மதியம் எடுப்பது என்று முடிவானது.

அம்மா அழவில்லை.

சேதி கேட்ட நேரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. தெருப் பெண்கள் வந்து தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அம்மா அவர்களுக்கு நடுவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியில் ஈரம் படியும்போது மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி உட்காருவாள். வாசல் மேளச் சத்தம்கூட அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சித்தி பயந்துபோனாள். "அழுதுடுக்கா. உள்ளயே வச்சிக்கினு இருந்தா நெஞ்சு அடச்சிடும்" என்று கெஞ்சினாள். பிறகு தோளைப் பிடித்து உலுக்கி, "உம் புருசன் போயிட்டாருக்கா! தெரியுதா உனக்கு?" என்று கத்தினாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அந்த முகத்தில் துக்கமும் இல்லை, கோபமும் இல்லை. நான் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அப்பா போனதைவிட அதுதான் அப்போது எனக்குப் பயமாக இருந்தது.

மதியம் எடுப்பதற்கு முன்னால் தம்பிக்கு வீடியோ கால் போட்டோம். காலேஜில் படிக்கிற என் மகளின் போன். அவள்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஒட்டி நின்றிருந்தாள்.

"மேல லைட்டு அடிக்குதுக்கா. மொகமே தெரில. மூடியத் தொறக்கச் சொல்லேன்" என்றான் தம்பி.

மூடியைத் திறந்தார்கள். "இன்னும் கிட்ட காட்டும்மா" என்று என் மகளிடம் கேட்டான். அவள் அழுதுகொண்டே குனிந்தாள். போனைச் சாய்த்ததில் விரல் திரையில் எதன் மீதோ பட்டுவிட்டது. அடுத்த நொடி, போனில் தெரிந்த அப்பாவின் முகத்தில் ஒரு கறுப்புக் கூலிங் கிளாஸ் வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேல் இரண்டு முயல் காதுகள் முளைத்து ஆடின.

சின்னப் பிள்ளைகள் விளையாடுவார்களே, அந்த வேடிக்கைப் படம். என் மகள் பதறிப்போய் எதை எதையோ அழுத்தினாள். அது போகவில்லை. கை எந்தப் பக்கம் ஆடினாலும் கண்ணாடி அப்பாவின் மூக்கை விட்டு நகரவில்லை.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் விபரீதம் புரியும். கேமராவைப் பார்த்து அவர் சிரித்ததே இல்லை. கல்யாண ஆல்பம், ஆதார் அட்டை, வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர், எல்லாவற்றிலும் ஒரே முகம்தான். யாரோ அவருடைய மடையை அடைத்துவிட்டதைப் போன்ற முகம்.

போனில் தம்பியின் அழுகை சட்டென்று நின்றது. என் மகள் முகம் வெளுத்துவிட்டது. யார் முதலில் அவளை அடிக்கப் போகிறார்கள் என்றுதான் நான் பார்த்தேன்.

அப்போது அம்மா வாயைத் திறந்தாள்.

"எங் கல்யாணத்துல கூலிங் கிளாஸ் போடச் சொல்லி எங்கண்ணன் எம்மாங் கெஞ்சினாரு. மாட்டேன்னுட்டாரு. இப்ப போட்டுக்கினு போறாரு பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். புன்னகை இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். போனுக்குள்ளிருந்து தம்பியும் சிரித்தான். பிறகு சித்தி. பிறகு நான். "சாவு வூட்ல இன்னாடி இது, அறிவு கெட்டவளுங்களா!" என்று பெரியப்பா வேகமாக உள்ளே வந்தார். போனைப் பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பி வெளியே போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் எனக்கு வியப்பு. ஷாமியானாவுக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் சிரிப்பு அங்கேயும் போய்விட்டது. மணலூர்பேட்டையிலிருந்து வந்திருந்த என் புகுந்த வீட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு, தோளை இறுக்கி, அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். மேளக்காரர் ஒருவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரணம் தெரியாமலே ஒரு வாசல் முழுக்கச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மாவின் முகத்திலிருந்து மட்டும் நான் கண்ணை எடுக்கவில்லை. அது அழுகையாக மாறியது. எந்த நொடியில் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. அதே வாய், அதே சுருங்கிய கண்கள், அதே குலுங்கல். ஒரு மூச்சில் சிரிப்பாக இருந்தது அடுத்த மூச்சில் "ஐயோ, என்ன வுட்டுட்டுப் போறியே" என்று வீடே அதிரும்படி வெடித்தது. நடுவில் ஒரு வரப்பும் இல்லை. நாங்கள் எல்லோரும் அவளோடு சேர்ந்து அழுதோம். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு, "அழுக்கா, நல்லா அழு" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அப்பாவை எடுத்தோம். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். சாயங்காலம் அம்மா கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அன்று முழுக்க என் மகள் யார் கண்ணிலும் படாமல் பின்கட்டிலேயே இருந்தாள். அம்மாதான் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நீ இன்னா வேணும்னேவா செஞ்ச? வுடு" என்றாள்.

தம்பி வந்தது பொங்கலுக்குத்தான். அம்மாவையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் கரியாலூர் போனோம். அருவிக்குப் போகிற வழியில் அம்மாவும் என் மகளும் முன்னால் நடந்தார்கள். பின்னால் வந்த தம்பி தானாகவே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"அன்னிக்கி ரூம்ல நானும் ஒரு நேபாளத்து ஆளும்தான் இருந்தோம்க்கா. அவனுக்குத் தமிழ் தெரியாது. போனையும் அவன் பாக்கல. நான் சிரிச்சதும் அவனும் சிரிச்சான் பாரு, கட்டிலப் புடிச்சிக்கினு சிரிக்கறான். அப்பறம் நான் அழுதேன். அவனும் அழுதான்."

"ஏன்னு கேட்டியா?"

"மறுநாளு இந்தில கேட்டேன். தெரியலன்னுட்டான். நீ சிரிச்ச, எனக்கும் வந்துச்சி. நீ அழுத, எனக்கும் வந்துச்சி. அவ்ளோதான்னான்."

கொள்ளி வைக்கிறவரைக்கும் அந்த மனிதர் வேலைக்குக்கூடக் கிளம்பாமல் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அம்மாவின் வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு கடல் தாண்டிப் போய், மொழி தெரியாத ஓர் ஆளைப் பிடித்து உலுக்கியிருக்கிறது. நான் நடக்காமல் நின்றுவிட்டேன். என்னவென்று கேட்டான் தம்பி. கையை நீட்டிக் காட்டினேன். உடம்பெல்லாம் சிலிர்த்திருந்தது. முன்னாலிருந்து அம்மா, "இன்னா நின்னுட்டீங்க? வாங்க, வெயில் ஏறுது" என்று குரல் கொடுத்தாள்.